அபிங்டன்: ஓய்ந்த தொழிற்சாலையும் ஓயாத கார்களும்

லண்டன் மாநகரிலே பெரும் பாலங்களின் கீழ் அகன்று ஓடும் தேம்ஸ் நதி, மேற்கே ஒக்ஸ்போர்ட் பிரதேசத்தில் புல்வெளிகளின் நடுவே ஒடுங்கி அமைதியாகச் செல்கின்றது. அந்நதியின் கரையிலேதான் அபிங்டன் என்னும் பழம்பதி அமைந்திருக்கின்றது. ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையைப் பார்க்கச் செல்லும் நம்மவர்களுள் பெரும்பாலோர் தெற்கே 10 கிலோமீற்றர் தூரத்திலுள்ள இவ்வூரை எட்டிப் பார்ப்பதில்லை. 1856ஆம் ஆண்டிலே இவ்வூருக்குத் திறக்கப்பட்ட கிளைப் புகையிரதப் பாதையில் 1963ஆம் ஆண்டுடன் பிரயாணிகள் வண்டி நின்றுவிட்டது. ஆகையால் ஒக்ஸ்போர்ட்டிலே இறங்கிப் பஸ் ஏறியே செல்லவேண்டும். அவ்வாறு செல்பவருக்கு அபிங்டன் ஏமாற்றம் அளிப்பதில்லை.

பணிஸ் எறியும் மண்டபம்

சந்தைச் சதுக்கத்தில் முதன்முதலாகக் கண்ணைக் கவர்வது, நான்கு புறமும் திறந்த தூண்களின் மேல் உயர்ந்து நிற்கும் கவுண்டி மண்டபம். பேர்க்ஷயர் மாகாணத்தின் தலைநகராக அபிங்டன் விளங்கிய நாளில், 1678ஆம் ஆண்டு தொடங்கி எழுப்பப்பட்டது அது. அதனைக் கட்டியவர், லண்டன் சென் போல்ஸ் தேவாலயத் திருப்பணியிலும் பங்குகொண்ட கிறிஸ்தோபர் கெம்ப்ஸ்டர் என்னும் கற்றச்சர். பின்னர் தலைநகர்ப் பெருமை ரெடிங் நகருக்குப் போயிற்று. 1974ஆம் ஆண்டில் அபிங்டனே ஒக்ஸ்போர்ட்ஷயருக்கு மாறிவிட்டது. ஆயினும் மண்டபம் அசையாமல் நிற்கின்றது.

அரச குடும்பத்திலே முடிசூட்டு விழாவோ திருமணமோ நிகழும்போது நகரசபையார் இம்மண்டபத்தின் மேற்றளத்தில் ஏறி நின்று, கீழே திரண்டிருக்கும் மக்களுக்குப் பணிஸ்களை அள்ளி எறிவது இவ்வூர் வழக்கம். சிறுவரும் முதியவரும் கைகளை நீட்டிப் பிடிப்பார்கள். எறியப்பட்ட பணிஸ்களிற் சிலவற்றைப் பதனிட்டு அரும்பொருட்சாலையிலே வைத்துப் பேணுகின்றனர் என்றால், பழமையைப் போற்றுவதில் அவர்களுக்குள்ள பற்றை என்னென்பது!

அந்த அரும்பொருட்சாலை மண்டபத்தின் உள்ளேதான் இருக்கின்றது. அங்கே, பழைய நாணயங்களுக்கும் மட்பாண்டங்களுக்கும் அயலிலே, எவரும் எதிர்பாராத ஒரு பொருள் நிற்கின்றது. அது ஒரு மோட்டார்க் கார். 1980ஆம் ஆண்டில் இவ்வூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த இறுதி எம்.ஜி.பி. கார்களுள் ஒன்று.

கராஜில் பிறந்த பெயர்

எம்.ஜி. என்னும் ஈரெழுத்து ‘மொறிஸ் கராஜஸ்’ என்பதன் சுருக்கம். ஒக்ஸ்போர்ட்டிலே துவிச்சக்கர வண்டி திருத்துபவராகத் தொழில் தொடங்கிக் கார் உற்பத்தியிலே பெரும் செல்வராகிய வில்லியம் மொறிஸ் என்பவரின் கராஜ் அது. 1922ஆம் ஆண்டில் அதன் மனேஜரான செசில் கிம்பர், சாதாரண மொறிஸ் காரின் சட்டத்தின்மீது தாழ்ந்த, எழிலான உடலமைத்து விரைவுக் கார்களை உருவாக்கத் தொடங்கினார். கேள்வி பெருகவே, 1929ஆம் ஆண்டில் அபிங்டனில் இருந்த தோல் பதனிடும் ஆலையொன்றின் ஒரு பகுதிக்குத் தொழில் இடம்பெயர்ந்தது. தோல் நாற்றம் வீசிய கட்டடத்திலேதான் உலகப் புகழ்பெற்ற கார்கள் பிறந்தன.

கிம்பரின் முடிவு துயரமானது. 1941ஆம் ஆண்டில் அவர் தாம் வளர்த்த நிறுவனத்தை விட்டு நீங்க நேர்ந்தது. 1945ஆம் ஆண்டு பெப்ருவரியில் லண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்தருகே நிகழ்ந்த புகையிரத விபத்தில் அவர் உயிர் நீத்தார். விரைந்தோடும் கார்களைப் படைத்தவர், புறப்பட்டுச் சில கணங்களே ஆன ஒரு புகையிரத வண்டியில் மாண்டார்.

யுத்தத்தின் பின் அபிங்டன் மேலும் வளர்ந்தது. 1955இல் எம்.ஜி.ஏ. என்னும் காரும், 1962இல் எம்.ஜி.பி. என்னும் காரும் வெளிவந்தன. எம்.ஜி.பி. மட்டும் 18 ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அவற்றுட் பெரும் பகுதி அமெரிக்காவுக்குச் சென்றது. விந்தை யாதெனின், இத்துணைக் கார்களும் யந்திரத்தால் நகரும் வரிசையில் செய்யப்பட்டவையல்ல. சுவின்டனிலிருந்து உடலும், கொவென்றியிலிருந்து எஞ்சினும், பேர்மிங்காம் லூக்காஸ் நிறுவனத்திலிருந்து மின்கருவிகளும் வந்து சேர, தொழிலாளர் காரைக் கையாலே தள்ளித் தள்ளி, படிப்படியாகப் பூட்டி முடித்தனர்.

1979ஆம் ஆண்டு செப்டெம்பரில், எம்.ஜி. அபிங்டனுக்கு வந்த ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஊர் கோலாகலமாகக் கொண்டாடியது. கொண்டாட்டம் ஓய்ந்ததும் வந்த திங்கட்கிழமை, அதாவது 10ஆம் திகதி, காரின் உற்பத்தி நிறுத்தப்படும் என்ற அறிவித்தல் வெளியாயிற்று. தோரணங்கள் வாடுமுன்னே இடி விழுந்தது போலாயிற்று. 1980ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி வாயிற்கதவுகள் மூடப்பட்டன.

இன்று அவ்விடத்துக்குச் செல்பவர் தொழிற்சாலையைத் தேடிக் காணமாட்டார். பெரும்பகுதி இடிக்கப்பட்டு, அலுவலகங்களும் வணிக நிலையங்களும் எழுந்துவிட்டன. பழைய வாயிலின் அருகே, சேமக்காலை வீதி எனப் பொருள்படும் தெருவில், 1930ஆம் ஆண்டில் தோன்றிய எம்.ஜி. கார்ச் சங்கத்தின் பணிமனை இருக்கின்றது. அதற்குக் கிம்பர் இல்லம் என்று பெயர். தொழிற்சாலை மடிந்தது, ஆனால் கார்கள் மடியவில்லை. அவை எவ்வாறு உயிர் வாழ்கின்றன என்பதை அரும்பொருட்சாலையிற் காண இயலாது. அதற்கு ஊருக்குப் புறத்தே, வீட்டுக் கொட்டகைகளுக்குள்ளே செல்லவேண்டும்.

சுழல மறுத்த மோட்டார்

அபிங்டனுக்குத் தெற்கேயுள்ள ஒரு கிராமத்தில், ஆசிரியராக இருந்து இளைப்பாறிய நண்பரொருவர் இருக்கின்றார். எழுபது வயதைக் கடந்தவர். 1965ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. கார் ஒன்றை நெடுங்காலமாக வைத்துப் பேணுகின்றார். நான் சென்றிருந்த வாரத்தில் அந்தக் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் நோயுற்றிருந்தது. திறப்பைத் திருப்பினால் எஞ்சின் இருமுறை சோம்பலாகப் புரண்டு நின்றுவிடும். முன் விளக்குகள் மங்கிப்போகும்.

ஸ்டார்ட்டர் மோட்டார் என்பது யாது? பெற்றோல் எஞ்சின் தானாக எழுந்து ஓடவல்லதன்று. முதலில் எவராவது அதைச் சுழற்றிவிடவேண்டும். ஆதியிலே காரின் முன்னால் நின்று இரும்புக் கைபிடியால் சுழற்றினார்கள். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் மணிக்கட்டு முறிவதும் உண்டு. 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில், சார்ல்ஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கர் வகுத்த மின் ஸ்டார்ட்டர் வந்து அந்த அபாயத்தைப் போக்கியது. சிறிய மோட்டாரின் முனையிலுள்ள பற்சில்லு, எஞ்சினின் பின்புறத்திலுள்ள கனத்த சில்லின் பல்வளையத்தைப் பற்றிச் சுழற்றும். எஞ்சின் உயிர் பெற்றதும் விலகிக்கொள்ளும். சில விநாடி வேலைதான். ஆனால் அந்தச் சில விநாடியில் அது பற்றறியிலிருந்து நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தை உறிஞ்சுகின்றது. முன் விளக்குகள் இரண்டும் சேர்ந்து கொள்வது பத்து அம்பியர் அளவே என்பதை நினைத்தால் இதன் பசி விளங்கும்.

நண்பரின் பேர்த்தி சர்வகலாசாலை மாணவி; விடுமுறைக்கு வந்திருந்தாள். “புதிய ஸ்டார்ட்டரை வாங்கிப் பூட்டிவிடலாமே, தாத்தா” என்றாள்.

“பூட்டலாம். ஆனால் குற்றவாளி அதுதான் என்று எப்படித் தெரியும்? சந்தேகத்துக்குரியவர் மூவர். பற்றறி, கம்பி, ஸ்டார்ட்டர். மூவரையும் விசாரித்த பின்னரே தண்டனை” என்றார் நண்பர்.

விசாரணை தொடங்கிற்று. இக்காரின் பற்றறிகள் முன்னால் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மூடியின் கீழ், 6 வோல்ற் பற்றறிகள் இரண்டு ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் இரவு முழுவதும் மின்னேற்றிப் பரீட்சித்தபோது அவை நல்ல நிலையில் இருந்தன. பின்னிருந்து முன்வரை செல்லும் நீண்ட தடித்த கம்பியிலும், எஞ்சினைக் காரின் உடலோடு இணைக்கும் பின்னற் பட்டியிலும் வோல்ற்று மானியை வைத்துப் பார்த்தாள் பேர்த்தி. வழியிலே மின்னழுத்தம் வீணாகவில்லை. அந்தப் பின்னற் பட்டி சிறிய பொருளாயினும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. அது அறுந்துபோனால் மின்னோட்டம் சோக் கம்பி, கிளச் குழாய் என்று கிடைத்த வழியாகத் திரும்ப முயன்று அவற்றைச் சுட்டுவிடும். இறுதியாகக் காரை வீதிச் சரிவிலே தள்ளி இரண்டாம் கியரில் விட்டபோது, எஞ்சின் தடையின்றி உயிர் பெற்றது. ஆகவே எஞ்சினும் நிரபராதி. குற்றம் ஸ்டார்ட்டரின்மீது நிலைநாட்டப்பட்டது.

இரண்டு போல்ட்டுகள்

அடுத்தநாட் காலை வேலை தொடங்கிற்று. முதற் காரியம் பற்றறியின் பூமித் தொடர்பைக் கழற்றுவது. இக்காலக் கார்களிலே எதிர்முனை உடலோடு இணைந்திருக்கும். 1967இன் பிற்பகுதிவரை செய்யப்பட்ட எம்.ஜி.பி. கார்களிலோ நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. இதை மறந்தவர் பல மின்கருவிகளை எரித்திருக்கிறார்கள். பூமித் தொடர்பை முதலிற் கழற்றிவிட்டால், பின்னர் ஸ்பனர் தவறிக் காரின் உடலில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. பின் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, காரின் முன்புறத்தை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மீது இறக்கினார்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் கீழே புகக்கூடாது என்று நண்பர் மும்முறை சொன்னார்.

ஸ்டார்ட்டரைப் பிடித்திருப்பவை இரண்டே போல்ட்டுகள். கேட்பதற்கு எளிது, அணுகுவதே அரிது. எஞ்சினின் வலப்புறத்தில், டிஸ்ரிபியூட்டருக்கும் எண்ணெய் வடிப்பானுக்கும் கீழே, ஒடுங்கிய இடத்தில் அது பதுங்கியிருக்கின்றது. நம் நாட்டைப் போலவே இங்கிலாந்திலும் சாரதி வலப்புறம் அமர்வதால், திசைதிருப்பும் தண்டும் அவ்வழியாகவே வந்து இடைஞ்சல் செய்கின்றது. டிஸ்ரிபியூட்டரை அகற்றிவிட்டு, நீண்ட தண்டு பொருத்திய ஸ்பனரை மேலிருந்து இறக்கி மேல் போல்ட்டை நண்பர் இளக்கினார். அது முந்திய இரவே எண்ணெய் விட்டு ஊறவைக்கப்பட்டிருந்தது. கீழ்ப் போல்ட்டுக்குக் காரின் கீழே படுக்கவேண்டும்.

இங்கேதான் நண்பர் தயங்கினார். சில ஆண்டுகளாக அவர் விரல்களை வாதம் பற்றியிருக்கின்றது. படுத்த நிலையில், கனத்த மோட்டாரை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் கடைசிப் போல்ட்டை உருவ அவரால் இயலாது. கராஜ்காரரை அழைக்கலாமா என்று அவர் தம்முள்ளே பேசிக்கொண்டார். அதற்கு முன்னரே பேர்த்தி நிலத்திலே சாக்கை விரித்துக் காரின் கீழே புகுந்துவிட்டாள். “எந்தப் பக்கம் திருப்புவது? எங்கே தாங்குவது? சொல்லுங்கள், தாத்தா” என்ற குரல் கீழேயிருந்து வந்தது. அவர் முழந்தாளிட்டு, கண்ணால் காணாத இடத்தை நினைவாலே கண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். கால் மணி நேரத்தின்பின், எண்ணெய்க் கறை படிந்த இரு கைகளில் பழைய ஸ்டார்ட்டர் வெளியே வந்தது.

அதை மேசையில் வைத்துப் பிரித்தபோது காரணம் தெளிவாயிற்று. தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ் தேய்ந்து, சுழலும் ஆமேச்சர் கீழே தாழ்ந்து, சுற்றியுள்ள இரும்பிலே உராய்ந்திருந்தது. மின்னோட்டமெல்லாம் உராய்விலே வீணாகி, எஞ்சினைச் சுழற்றும் வலு எஞ்சவில்லை. இதில் எவரையும் குறை கூற வேண்டியதில்லை. நெடுங்கால உழைப்பின் தேய்வே இது. இத்தகைய புஷ்ஷை மாற்றுவோர் புதியதை 24 மணி நேரம் எண்ணெயிலே ஊறவிட்ட பின்னரே பொருத்தவேண்டும். அதன் நுண்துளைகளில் ஊறிய எண்ணெயே வாழ்நாள் முழுவதும் அதற்கு உணவு. பற்சில்லு ஓடும் திருகுதண்டிலோ எண்ணெய் இடக்கூடாது. மண்ணெண்ணெயால் கழுவி உலரவிடவேண்டும். எண்ணெய் இட்டால் கிளச்சின் தூசு ஒட்டிப் பற்சில்லு இறுகிவிடும். ஓரிடத்தில் உயிராக இருப்பது, நான்கு அங்குலத்துக்கு அப்பால் நஞ்சாகின்றது.

பழையதைக் கொடுத்துப் புதுப்பித்ததைப் பெறும் வழக்கம் அங்குண்டு. நண்பர் அவ்வாறே ஒன்று தருவித்திருந்தார். இக்காலத்தில் இலகுவான, வலு மிகுந்த புதுவகை ஸ்டார்ட்டர்களும் கிடைக்கின்றன. ஆனால் எதை வாங்கினும் காரின் ஆண்டறிந்து வாங்கவேண்டும். 1967இன் மாற்றத்தோடு சில்லின் பல்வளையமும் மாறியது. பிந்திய காரின் ஸ்டார்ட்டர் முந்திய காருக்குப் பொருந்தாது.

பூட்டுமுன் இரு காரியங்கள் செய்தார்கள். ஸ்டார்ட்டர் இருந்த துவாரத்தின் வழியே விளக்குப் பிடித்து, எஞ்சினை மெல்லச் சுழற்றிப் பல்வளையத்தைச் சுற்றிலும் பார்த்தார்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரு இடங்களிலேயே வந்து நிற்கும்; ஆகையால் பற்கள் அவ்விடங்களில் அதிகம் தேயும். இங்கே தேய்வு சிறிதே. பின்னர் ஸ்டார்ட்டர் வந்து பொருந்தும் இரும்பு முகத்தைப் பளபளக்கத் துடைத்தார்கள். மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழி அந்த முகமேயாதலால், அங்கே துருவோ வர்ணமோ இருந்தால் புதிய மோட்டாரும் பழையதைப் போலச் சோம்பிவிடும்.

மீண்டும் பேர்த்தி கீழே சென்றாள். இம்முறை வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாலையிலே திறப்பைத் திருப்பியபோது பற்சில்லு ‘கிளாங்’ என்று பற்றியது. எஞ்சின் முதற் சுழற்சியிலேயே முழங்கி எழுந்தது. நண்பர் திறப்பைக் காரிலிருந்து உருவி, மீண்டும் ஒருமுறை அவளையே இயக்கிப் பார்க்குமாறு நீட்டினார்.

நம் வீதிகளில்

இதனைப் படிக்கும் நம்மவர், விளையாட்டுக் கார் செல்வரின் பொழுதுபோக்கு, அதனால் நமக்கென்ன என்று எண்ணலாம். எம்.ஜி.ஏ.யிலும் எம்.ஜி.பி.யிலும் இருந்த எஞ்சின், அக்காலத்து ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களில் இருந்த அதே குடும்பத்து எஞ்சின்தான். பாரதத்திலே பல்லாண்டு ஓடிய அம்பாஸடர் காரின் பழைய எஞ்சினும் அக்குடும்பத்தையே சேர்ந்தது. நம் யாழ்ப்பாணத்து வீதிகளில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் ஏ-40 அதற்கு மூத்த தலைமுறை.

அந்த ஏ-40 கார்களின் வரலாறு அபிங்டனாரும் அறியவேண்டியது. 1990களில், எரிபொருட் தடை நிலவிய போர்க்காலத்தில், பெற்றோல் பொன்னினும் அரிதாயிற்று. நம் சாரதிகள் துளிப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பின் மண்ணெண்ணெயிலே ஓட்டினார்கள். நோயாளரும், கர்ப்பிணிகளும், இடம்பெயர்ந்தோரும் அக்கார்களிலே ஏறிச் சென்றனர். அன்று கிடைக்காத உதிரிப்பாகத்துக்காக எவரும் காத்திருக்க இயலவில்லை. தேய்ந்ததைத் திருத்திக்கொள்ளத் தெரிந்த கைகளே ஊரைக் காத்தன. இங்கிலாந்திலே விருப்பத்தினாற் பேணப்பட்ட வித்தை, நம்மிடத்தே தேவையினாற் பேணப்பட்டது. வித்தை ஒன்றே.

உதிரிப்பாகங்களுக்கு அபிங்டனாரிடம் பஞ்சமில்லை. 1988ஆம் ஆண்டு முதல் எம்.ஜி.பி.யின் முழு உடலையே பழைய அச்சுக்களைக் கொண்டு புதிதாகச் செய்து விற்கின்றார்கள். ஆனால் பெட்டியில் வந்திறங்கும் பாகம் தானாகக் காரிற் பூட்டிக்கொள்ளாது. எங்கே தாங்குவது, எப்பக்கம் திருப்புவது என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவரும், கேட்டுச் செய்ய முன்வரும் ஒருவரும் வேண்டும். இவ்விருவருள் ஒருவர் இல்லாதொழிந்தால், எத்தனை சங்கங்கள் இருந்தும் கார்கள் அனைத்தும் அரும்பொருட்சாலைக்கே போய்ச் சேரும்.

ஆகவே, ஒக்ஸ்போர்ட் செல்லும் மாணவர்கள் ஒருநாளை அபிங்டனுக்கு ஒதுக்குவார்களாக. மண்டபத்திலே நிற்கும் காரைப் பார்த்தபின், தேம்ஸ் கரையிலே, அகலத்தால் நீளத்தை வென்று நிற்கும் சென் ஹெலன் தேவாலயத்தையும் பார்த்து, பழைய கற்பாலத்தின்மீது சிறிது நேரம் நிற்கட்டும். கோடை காலத்து ஞாயிற்றுக்கிழமையாயின், கூரை திறந்த எம்.ஜி. ஒன்று அவ்வழியே முழங்கிச் செல்லக் காணலாம். அப்போது ஓட்டுபவரின் முகத்தை மட்டும் பாராமல், அவர் கைகளையும் கவனிப்பார்களாக.